பெண் வீட்டு மலை

மலை கலியாணத்துக்கு வந்தது ஒரு பெரிய விசயமில்லை, முறையாக யார் கூப்பிட்டிருந்தாலும் அது வந்திருக்கும், அதுவரைக்கும் கூப்பிடத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று ஹெல்மவிக்கில் இன்றைக்கும் சொல்லுவார்கள். நோர்வேயின் மேற்குக் கரையில், கடலானது மலைகளுக்குள் கையை நீட்டிவிட்டுத் திரும்ப எடுக்க மறந்துபோன இடத்தில் இருக்கிறது அந்தச் சின்னப் பட்டினம். அப்படி உள்ளே வந்து தங்கிவிட்ட கடலை அந்த ஊர்க்காரர் ஃபியோர்ட் என்பார்கள். இந்தக் கரையில் ஊர், மீன் தொழிற்சாலை, ரயில் நிலையம். அந்தக் கரையில் கோல்நிப்பா மலை. ரயில் ஊரிலிருந்து வெளிக்கிட்டு, ஃபியோர்ட்டின் முனையைச் சுற்றி, மலையில் ஏறி, பதினாறு சுரங்கங்களுக்குள் புகுந்து புறப்பட்டு, உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வரும். அந்தப் பாதையில் ஒருதரம் போய்வருவதற்கென்றே உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் சனம் வரும்.

அந்த ரயிலின் பெட்டிகளைத் துடைப்பவள்தான் தவமலர். பத்தொன்பது வருசமாக அவள் கீழ் நிலையத்தில் காத்திருந்து, ரயில் வந்து சனம் இறங்கியதும் வாளியும் துணியுமாக ஏறி, அடுத்த சனம் ஏற முன்னம் இறங்கிவிடுவாள். ஒரு நாளாவது மேலே போனதில்லை. வேலைக்காரருக்கென்று கொடுத்த பாஸ் அவளுடைய கைப்பையின் அடியில், மாத்திரைப் பட்டைகளோடும் பிள்ளையார் படத்தோடும் கிடந்தது. அதற்காக மலையில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடியில் பதிந்திருக்கும் மூக்கு அடையாளங்களை வைத்தே அவள் எல்லாம் சொல்லுவாள். இடது பக்கக் கண்ணாடிகளில் மூக்கு அதிகம், ஆகவே பெரிய பள்ளம் இடது பக்கம். மூன்றாவது பெட்டியின் நடுக் கண்ணாடியில் மூக்கோடு நெற்றியும் இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து பதிந்திருக்கும், ஆகவே அந்தக் கண்ணாடிக்கு நேரேதான் அருவி வடிவாகத் தெரியும். வலது பக்கத்தில் மூக்குகள் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு ஏறியிருக்கும், சனம் எழுந்து நின்று பார்த்திருக்கிறது, ஆகவே அங்கே மலை இன்னும் உயரம். இப்படி ஆயிரக்கணக்கான மூக்குகளைத் துடைத்துத் துடைத்தே அவள் அந்த மலையை மனப்பாடம் செய்திருந்தாள்.

அவளுக்கு ஒரே மகள், பெயர் சாம்பவி. சாம்பவிக்கு ஒஸ்லோவில் மயூரதன் என்ற பொடியனோடு கலியாணம் நிச்சயமாகி, நாளும் குறித்து, ஊர் மண்டபமும் எடுத்தாயிற்று. சந்தோசமான விசயம்தானே, பிறகென்ன என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒஸ்லோவிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் நூற்று நாற்பது பேர் வருகிறார்கள். பெண் வீட்டாரென்று தவமலரும், இரண்டொரு மீன் தொழிற்சாலைச் சிநேகிதிகளும். அவ்வளவுதான். புருசன் குலசேகரம் ஆறு வருசத்துக்கு முன்னம் மாரடைப்பில் போய்விட்டார். சொந்தங்களில் சிலரைச் சண்டை தின்றது, மிச்சத்தை உலகம் பிரித்து வைத்தது. கனடாவில் ஒரு தமையன் இருக்கிறார், தவமலர் தன் விருப்பத்துக்குக் குலசேகரத்தைக் கட்டிய நாளிலிருந்து கதைப்பதில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனுடைய தமக்கையை எல்லோரும் டென்மார்க் மாமி என்பார்கள். முறை, சாத்திரம், சீர், எல்லாவற்றுக்கும் அந்தக் குடும்பத்தில் அவதான் கடைசித் தீர்ப்பு. அவ தொலைபேசியில் நலம் விசாரித்து, சாப்பாட்டு விசயம் கதைத்து, கடைசியில் மெதுவாகக் கேட்டா: தகப்பனில்லாத பிள்ளை, தாயும் தனியாள், அப்போ பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்துத் தாரை வார்ப்பது யார், தாய்மாமன் பெண்சாதியோடு வருவார்தானே என்று. தவமலரின் வாய் அவளைக் கேட்காமலே, ஓம் மாமி, அண்ணை கட்டாயம் வருவார் என்று சொல்லிவிட்டது.

சொன்ன பிறகு அவள் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். இருபத்தெட்டு வருசத்துக்குப் பிறகு தமையனின் குரல். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் "பாப்பம்" என்றார். யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பாப்பம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம், அதை முகத்துக்கு நேரே சொல்ல விருப்பமில்லை என்றும் அர்த்தம். தவமலர் தொலைபேசியை வைத்துவிட்டு அன்றைக்கு ஓடிய எட்டு ரயிலையும் அழுதுகொண்டே துடைத்தாள்.

ரயிலின் கார்ட் ஒட்வார் என்ற நெட்டை மனிதன், வருசக்கணக்காக அவளோடு ஒரே பிளாஸ்கில் கோப்பி குடிப்பவன். அவன் என்ன விசயம் என்று கேட்டான். அண்ணன் கதையைச் சொல்ல மனமில்லாமல், அவள் வேறொரு கவலையைச் சொன்னாள். எங்கள் முறைப்படி முதல் கலியாண அட்டையை வீதியோரத்திலாவது இருக்கும் ஒரு சாமிக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கவேண்டும், இந்த ஊரில் கோயிலுமில்லை, ஒரு சூலம் நட்ட கல்லுக்கூட இல்லை என்றாள். ஒட்வார் கொஞ்சம் யோசித்தான். மேல் நிலையத்தில் இறங்கி நடைபாதையில் ஒரு மணித்தியாலம் போனால் ஒரு கற்குவியல் இருக்கிறது, அதில் சிவப்பு அடையாளம் போட்டிருக்கும், அந்த வழியால் போகிற எல்லோரும் ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் போவார்கள், வழி தவறாமல் இருப்பதற்கு என்றான்.

அவன் சொன்னது மலை ஏறுகிறவர்களுக்கு வழி காட்டும் குவியலைப் பற்றி. எந்த நோர்வேக்காரனும் அப்படித்தான் விளங்கியிருப்பான். ஆனால் கல்லுக்குச் சிவப்புப் பொட்டு, போகிற சனமெல்லாம் நின்று காணிக்கை, வழித்துணை என்று கேட்டால் எங்கட ஆக்களுக்கு என்ன விளங்கும்? பத்தொன்பது வருசமாக இவங்கள் வைரவரை மலையில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லுச் சொல்லவில்லையே என்று தவமலருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அடுத்த லீவு நாளில் அவள் முழுகி, பச்சைச் சேலை கட்டி, அதற்கு மேல் குளிர்ச் சட்டை போட்டு, சப்பாத்தும் போட்டு, குங்குமம், சந்தனம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு, ஒரு தேங்காய், முதல் அட்டை எல்லாவற்றையும் தட்டத்தில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு ஒன்பது ஐந்து ரயிலில் ஏறினாள். ஒட்வார் அவளுடைய பாஸை முன்பின் தெரியாத ஆளுடையதைப் போல வாங்கிப் பார்த்து, துளை போட்டு, நல்ல பயணம் என்றான். அவள் மூன்றாவது பெட்டியின் நடுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

ரயில் ஏறியது. சுரங்கத்துக்குள் இருட்டும் வெளியே வெளிச்சமும் மாறி மாறி வந்தன, ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் கீழே ஃபியோர்ட் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிப் பச்சையாகிக்கொண்டு போனது, சிவப்பு வீடுகள் சிறுத்து, படகுகள் சிறுத்து, அவள் வேலைசெய்யும் நிலையம் ஒரு தீப்பெட்டியாகி, ஆட்டுப்பட்டிகளும் ஆப்பிள் தோட்டங்களும் கீழே போய், மேகம் பக்கத்தில் வந்து, ஏழாவது சுரங்கம் முடிந்த இடத்தில், அவள் கணித்த அதே கண்ணாடிக்கு நேரே, இம்மியும் பிசகாமல், அருவி நின்றது. தவமலர் எழும்பினாள். மூக்கையும் நெற்றியையும் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். அருவி முழுவதும் போனபிறகு திரும்பவும் ஆசனத்தில் இருந்துகொண்டு, பழக்கதோசத்தில் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள்.

மேல் நிலையத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. மணி கட்டிய ஆடுகள் அவளை வழிமறித்துச் சேலையை முகர்ந்து பார்த்தன. காட்டு நாவல் பழம் மாதிரிக் கறுத்த சின்னப் பழங்கள் இரண்டு பக்கமும் காய்த்துக் கிடந்தன. கொஞ்சத் தூரத்துக்கு ஒருதரம் கல்லில் சிவப்பு மை பூசியிருந்தது, அவள் ஒவ்வொன்றுக்கும் நின்று கும்பிட்டாள், எதிரே வந்த மலையேறிகளும் மரியாதைக்காக நின்று தலையைக் குனிந்தார்கள். முழங்கால் நொந்தது. காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. ஆனாலும் இவ்வளவு அழகை இத்தனை வருசம் மூக்கு அடையாளமாகத் துடைத்து எறிந்தேனே என்று அவளுக்குச் சிரிப்பாக இருந்தது.

கற்குவியல் ஆளுயரத்துக்கு நின்றது. அவள் ஒரு கல்லை எடுத்து வைத்தாள், சந்தனமும் குங்குமமும் வைத்தாள், தேங்காயை அடித்தாள், அது சரிபாதியாகப் பிளந்தது. அட்டையைக் கல்லிடுக்கில் செருகும்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். நாலு பக்கமும் மலை, மலைக்குப் பின்னால் மலை, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு, ஒருவரையும் இழக்காமல், ஒருவரும் ஊரை விட்டுப் போகாமல், ஆதிநாளிலிருந்து ஒன்றாக நிற்கிற பெரிய குடும்பம். புருசன் போனது, தமையன் பாப்பம் என்றது, மண்டபத்தில் வெறுமையாகக் கிடக்கப்போகிற பெண் வீட்டுக் கதிரைகள் எல்லாவற்றையும் அழுது சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்து, தட்டத்தை இரண்டு கையாலும் நீட்டி, முறைப்படி சொன்னாள்:

"அண்ணை, பிள்ளைக்கு வாற மாசம் இருபத்தாறாம் திகதி கலியாணம். அண்ணியோட, குடும்பத்தோட கட்டாயம் வரவேணும்."

மலை ஒன்றும் சொல்லவில்லை. பாப்பம் என்றுகூடச் சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் படகோட்டி ஃபியோர்ட்டைக் கடக்கும்போது வழக்கத்தைவிட முன்னதாகச் சுக்கானைத் திருப்பவேண்டியிருந்தது. மலை ஒரு அடி முன்னால் வந்திருந்தது. அடுத்த நாள் இன்னும் இரண்டு அடி. ஊர்ப் பத்திரிகை, பாடகர் குழு ஒத்திகைக்கும் தொலைந்துபோன பூனைக்கும் நடுவில் நாலு வரி போட்டது: கோல்நிப்பா ஒரு கலியாணத்துக்கு ஆயத்தமாகிறது, படகுகள் கவனிக்கவும். நகரசபையில் அதற்கும் ஒரு படிவம் இருந்தது. இடம்பெயர்வதற்கான காரணம் என்ற இடத்தில் நெருங்கிய உறவினரின் கலியாணம் என்று தவமலர் எழுதிக்கொடுக்க, அந்த நாட்டில் உறவினர் கலியாணத்துக்கு லீவு எல்லோருக்கும் உரிமை என்பதால், ஒரு நாள் லீவு மறுபேச்சில்லாமல் கிடைத்தது. வாகனத் தரிப்பிடமாக உதைபந்தாட்ட மைதானத்தை ஒதுக்கித் தந்தார்கள். அனுமதி எடுத்து இடம்பெயர்கிற முதல் ஆள் இவர்தான் என்று எங்கட சனம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

எங்கட சனத்துக்கு மலை வருமா என்பதில் சந்தேகமே வரவில்லை, வந்தால் எந்தப் பக்கம் இருத்துவது என்பதில்தான் பிரச்சினை. பந்தியில் முதலாவதா, சைவமா, வேட்டிக்கு எத்தனை முழம் என்று விடிய விடியக் கதைத்தார்கள். கடைசியில் பெண்ணின் தாய் அண்ணை என்று வாயால் கூப்பிட்டுத் தட்டம் கொடுத்திருக்கிறாள், ஆகவே அவர் தாய்மாமன்தான் என்று முடிவாயிற்று. முடிவான பிறகு அது, இது என்று கதைப்பது மரியாதையில்லை, நானும் இனி அவர் என்றே சொல்லுகிறேன்.

செய்தி டென்மார்க்குக்குப் போனது. மாமி உடனே எடுத்தா. தாய்மாமன் ஒரு மலை என்பதைப்பற்றி அவ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ கேட்டது எல்லாப் பெரிய ஆக்களும் கேட்கிற கேள்வி:

"அவையள் எந்த ஊர் ஆக்கள்?"

"இதே ஊர்தான் மாமி. ஒருநாளும் ஊரை விட்டு வெளிக்கிடாத ஆக்கள்."

ஊரை விட்டு ஓடி, மூன்று நாடு மாறி, நாலு மொழி பழகிய மாமி அந்த வார்த்தையை மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தா. பிறகு, நல்ல சம்பந்தம்தான் என்றா.

இருபத்தாறாம் திகதி சனிக்கிழமை விடிந்தது. முகூர்த்தம் பத்து நாற்பத்திரண்டுக்குள். ஒன்பதரைக்கெல்லாம் மாப்பிள்ளை பக்கம் நிரம்பி, சனம் சுவரோரமாக நின்றது. பெண் பக்கத்தில் மீன் தொழிற்சாலைச் சிநேகிதிகள் இரண்டு பேர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் ஆக்கள் வரப்போகிற மாதிரி அக்கம்பக்கக் கதிரைகளைப் பிடித்து வைத்திருந்தார்கள். பத்து மணியாயிற்று. யன்னலால் பார்த்தால் ஃபியோர்ட்டின் மேல் வெறும் மூடுபனி. மணவறைக்குப் போக வெளிக்கிட்டு நின்ற சாம்பவி தாயின் கையைப் பிடித்து, அம்மா, ஒருத்தரும் வராட்டிலும் பரவாயில்லை, நீங்கள் இருக்கிறியள்தானே என்றாள். தவமலர் தலையாட்டிவிட்டு, தனியாள் முன்னுக்கு நிற்கக்கூடாது என்று பழகிய பழக்கத்தில், சமையலறைக் கதவோடு போய் ஒதுங்கினாள்.

பத்தேகாலுக்குக் குத்துவிளக்கின் சுடர் ஆடியது. மூடுபனி விலகி அவர் வந்தார். கடைசிப் பனியை வேட்டியாக உடுத்து, மேகத்தைச் சால்வையாகப் போட்டு, ஃபியோர்ட்டின் நீர் முழங்காலளவுக்கு விலக, ஆறுதலாக ஒவ்வொரு அடியாக வந்தார். ஏன் பிந்தியது என்று பிறகுதான் தெரிந்தது. ஒன்பது ஐந்து ரயில் அந்த நேரம் பன்னிரண்டாவது சுரங்கத்துக்குப் பக்கத்தில் நின்றது, தன்மேல் இருக்கிற சனத்தை விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை, அவர்களுடைய கோப்பி தளும்பாமல் நடக்க நேரம் எடுத்தது. ஒட்வார் பெட்டியில் ஒலிபெருக்கியால், மலை ஒரு குடும்ப நிகழ்ச்சிக்குப் போகிறது, எல்லோரும் அழைக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று மூன்று மொழியில் அறிவித்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டானாம்.

குடும்பத்தோட வரவேணும் என்றல்லவா சொன்னாள், அவர் குடும்பத்தோட வந்தார். அவர் மைதானத்தில் இருக்க, மண்டபக் கதவுகளால் இரண்டு சின்னக் குன்றுகள் குனிந்து உள்ளே வந்து முன் வரிசையில் இருந்தன. பதினொரு ஆடுகள் வந்தன. ஒரு குட்டி ஏரி வந்து கதிரை வேண்டாமென்று நிலத்தில் பாய்போட்ட மாதிரிப் பரவியது. பிறகு ரயிலில் வந்த எண்பது உல்லாசப் பயணிகளும், ஜெர்மன்காரர், கொரியாக்காரர், ஸ்பெயினிலிருந்து வந்த புதுத் தம்பதி, எல்லோரும் நடைச் சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, பன்னீர் தெளித்துச் சந்தனம் வைத்துவிட, பெண் வீட்டாராக வந்து இருந்தார்கள். கதிரை போதாமல் பள்ளிக்கூடத்திலிருந்து வாங்குப் பலகைகளைத் தூக்கி வந்தார்கள். சிநேகிதிகள் பிடித்து வைத்திருந்த கதிரைகளை விட்டுக்கொடுத்துவிட்டு அழுதார்கள்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தி, தாரை வார்க்கிற ஆக்கள் வரலாம் என்றார். யன்னல் முழுவதும் மலையாக இருந்தது. அந்த யன்னலால் ஒரு சரிவு, ஒரு பெரியவரின் உள்ளங்கை மாதிரி, மெதுவாக உள்ளே நீண்டு மணவறைக்குப் பக்கத்தில் நின்றது, அதன் நுனியில் தவமலர் வைத்த குங்குமம் அழியாத அந்தக் கல். அதன்மேல் சாம்பவியின் கை, அதன்மேல் மயூரதனின் கை. அண்ணி, அதுதான் ஏழாவது சுரங்கத்து அருவி, தலை பின்னிய மாதிரி ஒடுங்கி யன்னலால் வந்து, கைகளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றா. நின்றா என்றால் நின்றாதான். ஒரு துளி விழவில்லை.

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து முப்பத்தெட்டு. மந்திரத்தைத் திருப்பிச் சொன்னார். நீர் விழவில்லை. பத்து முப்பத்தொன்பது. சனம் ஒன்றையொன்று பார்த்தது. மலைக்கு அவசரமில்லை, காத்திருப்பது அவருக்குப் பழக்கம், ஆனால் முகூர்த்தத்துக்கு அந்தப் பழக்கம் இல்லையே. அருவியின் முகம் மணவறைப் பக்கமே இல்லை, சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது. பத்து நாற்பது. எல்லோருக்கும் விளங்கியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் முறை என்று ஒன்று இருக்கிறது, முறை சொல்லவேண்டிய ஆள் முன் வரிசையில் பட்டுச்சேலையோடு இருக்கிறா.

டென்மார்க் மாமி எழும்பினா. சேலையைச் சரிசெய்து, மண்டபம் முழுவதையும் கடந்து, சமையலறைக் கதவடிக்குப் போனா.

"தவமலர், வாரும். தமையன் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

நான் எப்படி மாமி என்றாள் தவமலர். மாமி அவளுடைய கையைப் பிடித்தா, அந்தப் பத்தொன்பது வருசத்துச் சவர்க்காரம் தின்ற கையை, பிடித்து மணவறைக்குக் கொண்டுபோய், மகளின் கைக்குக் கீழே, அந்தக் கல்லின் மேல் வைத்தா. அப்போதுதான் நீர் விழுந்தது. மாப்பிள்ளையின் கையை நனைத்து, மகளின் கையை நனைத்து, தாயின் கையை நனைத்து, அவளைத் தாண்டி மலையின் கையிலே போய்ச் சேர்ந்தது. சரியான குளிர். தவமலர் அழுதுகொண்டு சிரித்தாள், சாம்பவியும் அப்படியே, கெட்டிமேளம் முழங்கியது, குன்றுகள் இரண்டும் எழும்பி அட்சதை போட்டன.

சாப்பாடு முடிய ஆறு மணி. எண்பது பேருக்கும் இடியப்பம் பிடித்துவிட்டது, சொதி என்ற சொல்லை ஜெர்மன்காரர் எழுதிவைத்துக்கொண்டார்கள். மலை தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, ரயிலையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு, போட்டு வாறன் என்று சொல்லுகிற மாதிரி ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, விடிய முன்னம் தன் இடத்துக்குப் போய் நின்றார். ஒரு முழம் மட்டும் ஊர்ப் பக்கமாகத் தள்ளி நின்றார். புது வரைபடத்தில் அப்படியே போட்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை தவமலர் வழக்கம்போல வாளியும் துணியுமாக ரயிலில் ஏறினாள். மூன்றாவது பெட்டியின் நடுக் கண்ணாடிக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே ஒரு மூக்கு அடையாளம் இருந்தது. கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு, பச்சைப் பாசி நிறத்தில், ஈரமாக. அது கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இருந்தது. நேற்று ரயில் மேலே போகும்போதெல்லாம் உள்ளே ஆரோ ஒருத்தியைத் தேடி எட்டிப் பார்த்திருக்கிறார்.

ஒட்வார் வந்து பார்த்தான். கண்ணாடி கொஞ்சம் அழுக்காக இருக்கிறதே, துடைக்கவில்லையா என்று கேட்டான்.

"அது எங்கட அண்ணையின்ரை," என்றாள் தவமலர். பத்தொன்பது வருசத்தில் முதல்முறையாக ஒரு கண்ணாடியைத் துடைக்காமல் விட்டு, கையுறையைக் கழற்றி வாளியில் போட்டு, அன்றைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கைப்பையின் அடியிலிருந்து பாஸை எடுத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.